வேலைக்குப் போகிறேன் என்று அடித்த பயோடேட்டா

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதங்கள் அடிக்கும் வேலை எனக்கு. பல்லடத்திலிருந்து தினமும் பஸ். முதலாளி தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் அடித்து ஃபேக்ஸ் அனுப்புவேன்.

"சரக்கு அனுப்பிச்சுபோட்டோம்னு அடிச்சுருங்க அம்மணி" என்பார். எட்டிப் பார்த்தால் பம்புகளில் பெயிண்ட்டே காய்ந்திருக்காது. இதை அவர் பொய் என்று நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் போனில் "வந்துட்டேனுங்க" என்றால், அவர் இன்னும் குளிக்கக்கூட இல்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். எதிராளி மனம் கோணக்கூடாது என்று, செய்யப்போவதைச் செய்துவிட்டதாகவே சொல்லிவைப்போம். துபாய்க்காரருக்கு இந்த மரியாதை புரியாது. 'ஹேவ் டிஸ்பாட்ச்டு' என்று அடித்தால் மறுநாளே கப்பலின் பெயரைக் கேட்பார். அதனால் நான் 'ஆர் டிஸ்பாட்சிங்' என்று அடித்துவிட்டு முதலாளியிடம் மல்லுக்கு நிற்பேன். அலுத்துப்போய், "உங்க இஷ்டமுங்க" என்று விட்டுவிடுவார்.

அப்போதுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. காய்கறி மண்டிக் குடும்பம், பையன் இன்ஜினியர். வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்று பையனின் அம்மா சொன்னாராம். உடனே அப்பா போனில், "அதெல்லாம் உட்டுபோட்டாளுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிச் சோற்றோடு கை கழுவப் போய்விட்டேன்.

பயோடேட்டா இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பு என்று அதையும் என்னையே அடிக்கச் சொன்னார். ஆபீஸ் மெஷினில் உட்கார்ந்தேன். 'வொர்க்ட்' என்று அடித்தால் முடிந்துபோன வேலை. 'வொர்க்ஸ்' என்றால் நேற்றும் போனாள், நாளையும் போவாள். யோசிக்க ஒன்றுமில்லை, 'வொர்க்ஸ்' என்றே அடித்தேன்.

அப்பாவிடம் மறைக்கவும் இல்லை. "வேலைக்குப் போறேன்னுதானுங்கப்பா அடிச்சிருக்கறேன்."

"அடிச்சுக்கோ கண்ணு. அதை ஆரு படிக்கப் போறாங்க?"

பையன் படித்தார். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்பவும் வேலைக்குப் போறீங்களா?" என்றார்.

"உட்டுபோட்டாளுங்க" என்றார் அப்பா முந்திக்கொண்டு.

பையன் என் அப்பாவைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். பதிலுக்காக ஒருவர் அப்படிக் காத்திருந்தது எனக்குப் புதிது.

"போறேனுங்க. நாளைக்கும் போவேனுங்க" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். அவருடைய அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சரிங்க, ஊட்டுக்குப் போயி கலந்து பேசிச் சொல்லியுடறோமுங்க" என்று எழுந்தார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் எங்கள் ஊரில் சொல்லி அனுப்பியதில்லை. பையன் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "கல்யாணத்துக்கப்புறம் எப்படியும் உடத்தான கண்ணு போற? இப்பவே சொன்னா என்ன?" என்றார்.

"உட்டதுக்கப்புறம் சொல்லிக்கலாமுங்கப்பா."

அவர் எழுந்து எங்கள் தறிக்கொட்டகைக்குப் போய்விட்டார். பையனை உனக்குப் பிடித்திருந்ததா என்று யாருமே என்னிடம் கேட்கவில்லை. பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. மறுநாள் எப்போதும் போகும் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன்.