தோளில் வைத்த பைனாகுலர்

மைசூர் மைன்ஸில் தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டை ஒட்டிய பாதையில்தான் நான் பெங்களூர் ரயிலுக்குப் போவேன். ஒரு மார்கழிக் காலையில், அங்கே உண்ணிச்செடிப் புதருக்கு எதிரே அவர் நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தில் பைனாகுலர். இரண்டு கைகளும் ஓயாமல் நடுங்கின.

"தம்பி, கொஞ்சம் உங்க தோளக் குடுங்க. கை நிக்க மாட்டேங்குது," என்றார்.

அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் குள்ளம் என்பதால் முழங்காலை மடக்கிக்கொண்டேன். பைனாகுலர் என் தோளில் உட்கார்ந்தது. புதரில் ஒரு பழுப்புக் குருவி பழம் தின்றுகொண்டிருந்தது.

"ஊர்க்குருவிதானே சார்?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. இமயமல பக்கத்துலருந்து வர்ற ரோஸ் பிஞ்ச்சுன்னு எனக்குச் சந்தேகம். ஆணுக்குத் தல செவப்பு, சுலபமாத் தெரியும். இது பொட்ட. மூக்கு தடியா இருக்கணும், கண்ணு மேல வெள்ளக் கோடு இருக்கக் கூடாது. வருஷா வருஷம் வர்றேன். இந்தக் கை ஆட்டத்துல ஒரு தடவகூட நிச்சயமாத் தெரியல."

பைனாகுலர் அசைந்துவிடுமோ என்று மூச்சை அடக்கினேன்.

"மூச்சு வுடுங்க தம்பி. குருவிக்காகச் செத்துடாதீங்க."

வெகுநேரம் கழித்து, "கோடு இல்ல," என்று என் காதருகே மெல்லச் சொன்னார். அவர் குரலும் நடுங்கியது.

அன்று ரயில் போய்விட்டது. பிறகு அவரை நான் பார்க்கவேயில்லை. இப்போதும் அந்தப் புதரைக் கடக்கும்போது என் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்குகிறது.