நினைப்பும் வேலியும்

கல்லூரியில் நான் நடத்துவது ஆங்கிலம். கிராம சபைக்கு முந்தின நாள் பாடத்தில் 'தேங்க்வொர்தி' என்ற சொல் வந்தது. நன்றிக்கு உரியது என்று பொருள். இன்று அதை யாரும் பேசுவதில்லை. அகராதியில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நன்றியைக் குறிக்கும் முன்பாதியும் 'திங்க்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை, ஆதியில் அதற்கு நினைப்பு என்றுதான் பொருள், பின்பாதி பெறுமானம் என்று விளக்கினேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மவர்கள் சொன்னதும் அதைத்தானே என்று பெருமையாக முடித்தேன். மறுநாளே அந்தப் பெருமை கிழிந்தது.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு ஒரே வழி ஏரிக்கரையை ஒட்டிய வரப்பு. ஊர்த் தெருவில் எங்கள் பிணம் போகக் கூடாது என்பது பழைய கட்டு. அந்த வரப்பையும் அங்கே வயல் வைத்திருக்கும் நிலக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ நான்கு நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. வழி கேட்டு எழுதிய மனுவைச் சபையில் நான் படிக்க வேண்டும்.

அந்த நிலக்காரரை எதிர்ப்பது எங்களுக்கு லேசில்லை. நான் பிறக்க முடியாமல் அம்மா துடித்தபோது தன் டிராக்டரில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் கூரையில் காய்த்த முதல் பூசணிக்காயை அம்மா அவர் வாசலில் வைத்துவிட்டு வருவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் எழுந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"என் டிராக்டர் மட்டும் வரலன்னா இந்தப் பொண்ணு ஏதும்மா? நெனப்பு கீதா இல்லியா?"

பிரித்த மனுவை மடித்துவிட்டேன். நேற்று நடத்திய பாடமே என் கழுத்தைப் பிடித்தது. வேண்டாம், உட்கார் என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

அம்மா புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நெனப்பு கீது ஐயா. சாவற வரைக்கும் இருக்கும். அதுக்காவ பொணத்த வூட்லயே வெச்சிக்கினு இருக்க முடியுமா?"

பிறகு என் பக்கம் திரும்பி, படி என்றாள்.

படித்தேன். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆட்கள் வந்து வேலியைப் பிரித்தார்கள். அதுவரை தாங்கிய பெரியவர் இரண்டு நாள் கழித்து அந்த வழியாகவே போனார்.

பொங்கல் வந்தது. இந்த வருஷமுமா என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். டிராக்டர் வந்தது வந்ததுதானே என்றாள். முதல் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலி இல்லாத அந்த வரப்பிலேயே அவர் வீட்டுக்கு நடந்தாள்.