அகராதி டீச்சர்

“தட்டினது சரி சார். அந்த ‘சும்மா’ யாரோடது? உங்களோடதா, அந்தப் பையனோடதா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் எழுதத் தொடங்குகிறார் துணை முதல்வர். “சும்மா முதுகுல ஒரு தட்டு தட்டினேன்” என்று சொல்லிச் சிக்கிக்கொண்ட உடற்பயிற்சி ஆசிரியர், எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். நாங்கள் டீ குடிக்கிறோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இப்படித்தான் எங்கள் வாரம் விடிகிறது.

கரும்பலகையின் இடது மூலை அவருடைய பிரதேசம். அங்கே வாரம் ஒரு சொல் குடியேறும். சென்ற வாரம் ‘புறக்கணிப்பு’, இந்த வாரம் ‘கவலை’. சொல்லின் கீழே ஒரு விளக்கம். விளக்கத்தின் கீழே, “அழிக்காதீர்கள்.” கணக்கு வாத்தியாரான எனக்குச் சூத்திரம் எழுத வலது மூலை மட்டுமே மிச்சம்.

எல்லாப் பள்ளிகளுக்கும் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை கட்டாயம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மொழி ஆசிரியையாக இருந்து துணை முதல்வராக உயர்ந்தவர் என்பதால் அதைத் தமிழில் எழுதும் வேலை இவர் தலையில் விழுந்தது. ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அதில் கரைத்தார். வழவழப்பான அட்டையுடன் புத்தகம் தயாராகி வந்தது. பள்ளி நிர்வாகி அதைக் கையில் பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார். பிறகு புத்தகம் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் வேறு யாரையாவது கைகாட்டுவார்கள். குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றித் தெரியாது, புத்தகம் மிகப் பாதுகாப்பாக இருந்தது.

‘அகராதி டீச்சர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்றும் தெரியாது. சொற்பொருள் சொல்பவர் என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எவ்வளவு அகராதி பிடித்தவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒரே பெயரில் இரண்டு தரப்புக்கும் திருப்தி.

உயரமில்லை. கஞ்சி போட்ட புடவை. நடந்தால் மொடமொடவென்று முன்னறிவிப்புக் கொடுக்கும். கைப்பையில் எப்போதும் நான்கைந்து சாக்பீஸ். சிவப்பு தனியாக ஒரு டப்பாவில். யாராவது ‘புகார்’ என்று சொன்னால் நின்றுவிடுவார். “புகார் வேற, கவலை வேற. புகாருக்கு ஆதாரம் கேப்பீங்க. கவலைக்கு எதுக்கு ஆதாரம்? மனசுல ஏதோ இடிக்குதுன்னா வந்து சொல்லுங்க, போதும்.” ‘ரகசியம் காப்பது’ பற்றி அவர் பேசியது மதிய இடைவேளையை விழுங்கியது. குழந்தை ஒன்றைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாதாம். தெரிந்தாக வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டுமாம். அன்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது, பேச்சு எப்போது முடியும் என்பது மட்டும்தான்.

வீட்டிலும் தப்ப முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் ஒருமுறை என்னிடம் புலம்பினார்: “அடுப்புல பால் பொங்கிடுச்சு, மறந்துட்டேன்னு சொன்னேன் சார். ‘அது மறதி இல்ல, புறக்கணிப்பு’ன்னுட்டா. பாலுக்கும் உரிமை இருக்குதாம்!” நாத்தனார் வந்து தன் அண்ணன் மகளின் கன்னத்தைக் கிள்ளினால், “அவகிட்ட கேட்டியா?” என்பாராம். “அத்தை கிள்ளறதுக்கு அனுமதிச் சீட்டு வாங்கணுமா அண்ணி?” என்று கோபித்துக்கொண்டு அந்த அம்மாள் ஒரு பண்டிகைக்கு வரவே இல்லை. கன்னம் நிம்மதியாக இருந்தது.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. பெஞ்சில் உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும் என்பதால் வாண்டு என்று கூப்பிடுவோம். பாட்டு வகுப்பு வந்தால் அவளுக்கு வயிற்றுவலி வரும். வகுப்பாசிரியை மிளகு மிட்டாய் கொடுத்துப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். “நடிக்கிறா டீச்சர்” என்றார். அதைக் கேட்டதும் துணை முதல்வர் எதையும் திருத்தவில்லை. அதுவே வழக்கத்துக்கு மாறானது. அடுத்த பாட்டு வகுப்பின்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றவளின் பக்கத்தில் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. எதிர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு இருவருடைய முதுகும் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து வாண்டு கேட்டாளாம், “மிஸ், ரகசியம்னா யாருக்கும் சொல்லக் கூடாதுதானே?”

“யாரு அப்படிச் சொன்னாங்க கண்ணு?”

“பாட்டு சார்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எல்லோரும் போன பிறகு பாட்டு சார் அவளை மட்டும் நிற்கச் சொல்வார்; கதவைச் சாத்துவார்; மடியில் உட்காரவைத்துப் போனில் படம் எடுப்பார். சொல்லி முடித்துவிட்டு, “நீங்க யாருக்கும் சொல்ல மாட்டீங்கதானே மிஸ்?” என்றாள்.

“அத மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா. உன்னைப் பத்திரமாப் பாத்துக்க வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். நீ ஒரு தப்பும் பண்ணல.”

குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். “நான் எழுதினதிலேயே சரியான வரி அதுதான். அதைச் சொல்றப்போ நாக்கு கூசிச்சு சார்” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

பாட்டு சார் நிர்வாகியின் மைத்துனர். முதல்வர் அன்று விடுப்பு. இம்மாதிரி நாட்களில் முதல்வர்களுக்கு விடுப்பு எப்படியோ அமைந்துவிடுகிறது. துணை முதல்வர் நேரே நிர்வாகியின் அறைக்குப் போனார். போகும் வழியில் என்னையும், “சாட்சிக்கு ஒரு ஆள் வேணும், வாங்க” என்று இழுத்துக்கொண்டார். சாட்சி என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிர்வாகி முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய், வெளியிலிருந்து அந்த வழவழப்பு அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். சாவி அவரிடம்தான் இருந்திருக்கிறது.

“நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க டீச்சர். ‘கவலை’ன்னா ஆதாரம் இல்லாதது. இது கவலை. இன்னும் குற்றச்சாட்டு ஆகல. சொல்லுல கவனமா இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? மச்சானைக் கூப்பிட்டு நான் பேசிக்கிறேன். ‘உள் விசாரணை’ன்னு வச்சுப்போம். ‘ரகசியம் காப்பது’ன்னும் ஒரு பக்கம் இருக்கே, எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க!”

வாரா வாரம் கரும்பலகையில் எழுதியவருக்கு ஒரு நல்ல மாணவர் கிடைத்துவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் அவர் அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்.

துணை முதல்வர் வாதாடவில்லை. மேசையின் மேல் இருந்த நிர்வாகியின் தொலைபேசியையே தன் பக்கம் திருப்பி, குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினார். விளக்கங்களோடு ஒரு நீண்ட வாக்கியம் வரப்போகிறது என்று நான் எதிர்பார்த்தேன்.

“எங்க ஸ்கூல்ல ஒரு குழந்தை பயந்துபோய் இருக்கா. யார்னால பயப்படுறாளோ அந்த ஆளு இப்போ இதே கட்டடத்துல இருக்காரு. உடனே வாங்க” என்றார். அவ்வளவுதான்.

வந்தார்கள். கூடவே வந்த போலீசார் பாட்டு சாரின் போனை வாங்கிக்கொண்டு போனார்கள், அவரையும்தான். அதில் இருந்தவை வாண்டுவின் படங்கள் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்தது. மிளகு மிட்டாய் கொடுத்த வகுப்பாசிரியை கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். வழக்கு நடக்கிறது.

பெற்றோருக்கு, ‘தவிர்க்க இயலாத காரணங்களால் பாட்டு வகுப்பு இல்லை’ என்று நிர்வாகம் தெரிவித்தது. ‘பணிச்சுமை கருதி’ பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து துணை முதல்வரை விடுவித்தது. பிறகு ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பள்ளியின் விழிப்புணர்வைப் புகழ்ந்ததும், பணிச்சுமை ஒரே நாளில் குறைந்துவிட்டதாகக் கண்டு பொறுப்பைத் திரும்பக் கொடுத்தது. பள்ளி மலரில் புகைப்படம் வந்தது: நடுவில் நிர்வாகி, கையில் புத்தகம். ஓரத்தில் இவருடைய தோளில் பாதி.

வாண்டு அவரோடு நெடுநாள் பேசவில்லை. எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவாள். இவரும் கூப்பிடமாட்டார். “கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கு” என்பார். சொல்லிவிட்டு, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நேற்று பாட்டு அறைக் கதவில் கண்ணாடி பதிக்க ஒரு தச்சர் வந்திருந்தார். கதவுப் பலகையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, “இந்த உயரம் போதுங்களாம்மா? வெளிய நிக்கிறவங்களுக்கு உள்ள நல்லாத் தெரியும்” என்றார். துணை முதல்வர் தலையாட்டவில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கஞ்சி போட்ட புடவை மடிப்பெல்லாம் நொறுங்க, மெதுவாகத் தரையில் மண்டியிட்டார். கதவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தச்சரின் கையிலிருந்து பென்சிலை வாங்கி, தன் கண்ணுக்கு நேராக, மிகவும் கீழே, இன்னொரு கோடு இழுத்தார்.