"வீட்டுக்காரரா மெம்பரு?"

ரயில் கரி படிந்த சேலையோடு இன்று விருதுநகரில் இறங்கி, சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். தீயில் வெந்த கைக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புகிறாள்.

"எங்கன இருந்து வாறீக?"

"டெல்லி. பார்லிமெண்ட் மெம்பர்."

"வீட்டுக்காரரா மெம்பரு?"

"நான்தாம்மா."

இரண்டாம் முறை ஜெயித்தும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

"அங்கன பொம்பளையப் பேச விடுதாகளா?"

விடுகிறார்கள். சிவகாசியிலேயே தீக்காய வார்டு வேண்டுமென்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். இந்த முறையும் மந்திரி "பார்ப்போம்" என்றார். அதைச் சொன்னேன்.

"எங்க கம்பெனில பார்ப்போம்னா இல்லைன்னு அர்த்தம்க்கா" என்று சிரித்தாள்.

டெல்லியிலும் அதே அர்த்தம்தான். அடுத்த கூட்டத்திலும் கேட்கத்தான் போகிறேன். ஒரே கேள்வியை அலுக்காமல் கேட்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.