பந்த் கார்டனில் நான் பாஸான பரீட்சை

என் மகள் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படிப்பாம். மார்க்கெட்டுக்குப் போனால் அது கணக்கு, லோணாவளா போனால் அது பூகோளம், சப்பாத்தி உருட்டினால் அதுவும் ஏதோ ஒரு பாடம். இப்படிப் பிள்ளை வளர்க்கிற குடும்பங்கள் புனேயில் நிறைய இருக்கின்றனவாம், ஒரு குரூப் வைத்திருக்கிறார்களாம். "அப்பா, நீங்களும் ஸ்கூலுக்குப் போகாமத்தானே இவ்ளோ பெரிய ஆளானீங்க, எங்க குரூப்புக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

பெரிய ஆள்தான், அதில் என்ன சந்தேகம்? இதே புனேயில் கட்கி ஸ்டேஷனில் இறங்கி என் பெயரைச் சொன்னால் ரிக்ஷாக்காரன் விலாசம் கேட்கமாட்டான். ஒற்றை டெம்போவில் ஆரம்பித்தவன், இன்று போபோடியில் கோடவுன் வைத்திருக்கிறேன். பட்டம் வாங்கிய பையன்கள் என் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். இந்தத் தமிழ் எழுத்துகூட முப்பது வயதுக்கு மேல் பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாளைப் பார்த்து நானே கற்றது. எந்த வாத்தியாருக்கும் நான் கடன்பட்டவன் இல்லை. மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். கட்கியில் ஃபேக்டரி ஆட்கள் குடியிருந்த லைன் வீடு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். வட ஆர்க்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்தான். அம்மா கட்கியிலேயே பிறந்தவள். மராத்திப் பள்ளியில் நாலாவது படிக்கும்போது வகுப்பிலேயே அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. அன்றோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து தலைக்கேறித்தான் வலிப்பு வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நைனா அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்க விட்டதில்லை.

என்னைப் பள்ளியில் சேர்க்கவில்லை. "என் புள்ளைக்கு இஸ்கூல் எதுக்கு? நானே கத்துக் குடுப்பேன்" என்று நைனா லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கற்றும் கொடுத்தார். ஃபேக்டரி சங்கை வைத்து மணி சொல்லப் பழகினேன். முக்கால் கிலோவுக்கு விலை என்ன என்றால் கடைக்காரனுக்கு முன்னால் சொல்லுவேன். இதையெல்லாம்விட முக்கியமான பாடம் ஒன்று இருந்தது. அம்மாவுக்கு வலிப்பு வந்தால் முதலில் கதவைச் சாத்த வேண்டும், பக்கத்து வீட்டார் பார்க்கக் கூடாது. அடுப்பை அணைக்க வேண்டும். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும். அதற்காக வீட்டுச் சாவிக் கொத்தை என் அரைஞாண் கயிற்றிலேயே கட்டியிருந்தார். நான் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தேன். லைனில் மற்ற பையன்கள் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும்போது, நான் வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி சாவியைக் குலுக்கிக் காட்டுவேன். வீடே என்னுடையது என்று நினைப்பு.

அந்த வருடம் ஊரிலிருந்து சித்தப்பா வந்தார். நைனாவின் தம்பி, குடியாத்தம் பக்கத்தில் வாத்தியார். வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"இன்னாண்ணா இது, புள்ளய வூட்ல கட்டிப்போட்டு வெச்சிக்கிறியா?"

"யார்ரா கட்டிப்போட்டது? அவன் படிக்கிறான்டா. உன் இஸ்கூல் பசங்க அவன் கால்தூசிக்கு ஆவமாட்டானுங்க."

"அப்ப ரெண்டு தமிழ் எழுத்து எழுதச் சொல்லு பாக்கலாம்."

"தமிழா? இங்க தமிழ வெச்சிக்கினு இன்னா நாக்கு வழிக்கறதா? மராத்தி படிக்கிறான். ஞாயித்துக்கெழம ஆத்தங்கர பார்க்கு, பந்த் கார்டனுக்குப் போறப்ப கட போர்டெல்லாம் படிப்பான், நீயே பாரு."

"சரி. படிச்சிட்டான்னா நான் வாயத் தொறக்கல. படிக்கலன்னா கையோட குடியாத்தத்துக்குக் கூட்னு போயி என் இஸ்கூல்லயே சேத்துடுவேன். அப்புறம் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அந்த நிலையில் வலிப்பு வருமோ என்று நான் சாவியைத் தொட்டுக்கொண்டேன். வரவில்லை. அவள் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நைனா என்னை மட்டும் பஸ்ஸில் ஏற்றினார். பந்த் கார்டன் வரைக்கும் வழியில் ஒவ்வொரு கடையாகக் காட்டி, "அது சைக்கிள் கடை, போர்டு செவப்பு. அது லாண்டரி, போர்டு நீலம். அது கடியாரக் கடை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பும்போது என்னைச் சொல்லச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு அந்த வயதிலேயே அப்படி ஒரு மூளை. இன்றைக்கும் எந்த டெம்போ எந்த கேட்டில் நிற்கிறது என்று போனைப் பார்க்காமல் சொல்லுவேன்.

மறுநாள் நாலு பேரும் கிளம்பினோம். அம்மா பச்சைப் புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் நான், பக்கத்தில் சித்தப்பா. "அது இன்னாடா?" என்பார், சைக்கிள் கடை என்பேன். "அது?" என்பார், லாண்டரி. கடை வாசலில் சைக்கிள் தொங்குவது அவர் கண்ணிலும் படத்தான் செய்தது. ஆனால் வாத்தியார் மூளை அல்லவா, போர்டைத் தாண்டிப் போகாது. மராத்தி எழுத்து அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்ன வேகத்திலேயே மயங்கிப்போனார். "பரவால்லியே!" என்று தொடையில் தட்டினார். நைனா முன் ஸீட்டில் இருந்து திரும்பி மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

பந்த் கார்டனில் ஆற்றைப் பார்த்து இறங்கும் படிக்கட்டுப் பக்கம் ஒரு பலகை நட்டிருந்தார்கள். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. சனிக்கிழமை நாங்கள் கேட்டோடு திரும்பிவிட்டோம், அதனால் நைனா அதைப் பார்க்கவில்லை. அம்மா அங்கே நின்றாள்.

"கண்ணு, இத படி."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் பூப்பாத்தியைப் பார்த்தார். எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"பூவைப் பறிக்கக் கூடாது!" என்று கத்தினேன்.

"இல்ல" என்றாள் அம்மா. "தண்ணி ஆழம், எறங்காதீங்கன்னு போட்டுக்குது. இவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது தம்பி. கூட்னு போயிடுங்க. என்னை நான் பாத்துக்கறேன்."

நைனா சிரித்தார். பெரிய சிரிப்பு. "முந்தாநேத்துதான் இவளுக்கு வந்துச்சிடா. வந்தா ரெண்டு மூணு நாளு இப்பிடித்தான். கண்ணு ஒண்ணு பாக்கும், வாயி ஒண்ணு சொல்லும். நீ வா."

முந்தாநாள் அம்மாவுக்கு வரவில்லை. கதவைச் சாத்துகிறவன் நான், எனக்குத் தெரியாமல் எப்படி வந்தது என்று ஒரு நொடி குழம்பினேன். நைனா சொன்னால் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா பலகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அந்த வழியாக எத்தனையோ பேர் பிள்ளைகுட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் படித்துச் சொல்லியிருப்பான். ஆனால் அண்ணன் சொன்னது மெய்யா என்று தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுத் தம்பி விசாரிப்பதா? எங்கள் வகையறாவில் அந்தப் பழக்கம் கிடையாது. மரியாதை தெரிந்த குடும்பம். அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவன் நான்.

"சரிண்ணி, நீங்க ஒக்காருங்க, தல சுத்தப் போவுது" என்றார் சித்தப்பா அம்மாவிடம், சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா படிக்கிறடா. நைனா சொல்றதக் கேட்டுக்கினு இரு" என்றார். அவ்வளவுதான் பரீட்சை.

எனக்கு ஒரு பொட்டலம் பேல் பூரி வாங்கித் தந்தார்கள். நைனா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். சித்தப்பா முன்னால் என் மானத்தை வாங்கப் பார்த்தாளே! இனிமேல் அவளோடு பேசக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டே பேலைத் தின்றேன்.

புறப்படும்போது அந்தப் படிக்கட்டுப் பக்கமாகத்தான் வரவேண்டியிருந்தது. அம்மா உட்காரவில்லை. இன்னும் பலகையின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். முதல் எழுத்தின் கீழே விரலை வைத்திருந்தாள். விரல் நுனியில் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"கண்ணு, எறங்கி வா. இத மட்டும் பாரு. இது 'பா'. பக்கத்துல 'ணீ'. தண்ணிதான். சேத்து சொல்லு."

நைனா நடையை வேகப்படுத்தினார். இன்னொரு முறை என்னை மாட்டிவிடத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் நினைத்தேன். பலகையைத் தாண்டும்போது என் கண்ணில் அது படக்கூடாது என்று இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.