இன்ஸ்பெக்‌ஷன் நாளின் துளசிக் கஷாயம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஓட்டை, கறை, தையல் விட்டது எதுவும் என் கண்ணைத் தாண்டாது. ஆனால் சரக்கு வாங்கும் பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் நாளில் மட்டும் நெஞ்சு படபடக்கும். தெரிந்த பதில்கூட வாயில் வராது.

அப்படி ஒருநாள் அளவு நாடா பிடித்த என் கை நடுங்கியதை, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண் கவனித்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்ன அண்ணாச்சி, கை இப்படி ஆடுது?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு டீ குடிச்சாச் சரியாயிருமுங்க."

"காலையிலேர்ந்து ஆறு டீ ஆச்சு. மொதல்ல டாக்டர்ட்ட நெஞ்சைக் காட்டுங்க. அங்க ஒண்ணுமில்லன்னா எங்கிட்ட வாங்க."

காட்டினேன். இருதயம் நன்றாக இருக்கிறது, வெறும் பதற்றம்தான் என்றார் டாக்டர். மறுநாளே அந்தப் பெண் பிளாஸ்க்கில் கஷாயம் கொண்டுவந்தார். துளசி, சீரகம், கொஞ்சம் கொத்தமல்லி விதை. கணவர் இறந்த வருஷம் இதைக் குடித்துத்தான் மெஷினில் உட்கார முடிந்ததாம்.

"மந்திரமெல்லாம் இல்ல அண்ணாச்சி. உக்காந்து, மெதுவாக் குடிக்கணும். நின்னுக்கிட்டு ஊத்திக்கிட்டா ஒண்ணும் கேக்காது."

டீயை இரண்டாகக் குறைத்தேன். தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து கஷாயம் குடித்தேன். துளசி எவ்வளவு செய்தது, டீயைக் குறைத்தது எவ்வளவு செய்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. படபடப்பு அடங்கியது.

அடுத்த மாத இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சற்று முன்னால், சில டீ-ஷர்ட்டுகளில் கழுத்துப் பட்டியின் நிறம் மாறியிருப்பதைக் கண்டேன். பழைய நானாக இருந்தால் பையரின் ஆள் கண்ணில் படக்கூடாதே என்று வேர்த்திருப்பேன். அன்று நேராக அவரிடமே போனேன்.

"இந்தப் பீஸ்ல ஷேடு மாறியிருக்குதுங்க. நாங்களே தனியாப் பிரிச்சு வெச்சுட்டோம். மீதியைப் பாருங்க."

பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளியின் முகம் கறுத்தது. வந்தவர் மீதிப் பெட்டிகளை நிதானமாகப் பார்த்து, சரியென்று கையெழுத்துப் போட்டார். அவர் கார் கிளம்பியதும் முதலாளி கேட்டார்:

"ஏனுங்க, எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"சொல்லியிருந்தா என்னைப் பேச உட்டிருப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார்.

நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே, "அப்ப நாளைலேர்ந்து நீங்களே கஷாயம் போட்டுக் கொண்டாங்க அண்ணாச்சி, எனக்கும் சேத்து" என்றார்.

கொண்டுபோனேன். சீரகம் தூக்கல் என்றார். ஆனாலும் முழுவதும் குடித்தார்.