மதுரைக்கு ஒரு தலை கூட

வாசகசாலை நண்பர்களே, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்து இந்தப் பலகையில் எழுதுகிறேன்.

இன்றைக்கு சர்க்கார் ஜனக்கணக்கு எடுக்கிறது. ராத்திரி எந்த ஊரில் தங்குகிறோமோ, அந்த ஊர்க் கணக்கில்தான் நம்மைச் சேர்ப்பார்கள். நம் மதுரையா திருச்சியா, எது பெரிசு என்று நாம் போட்ட சண்டை கொஞ்சமா?

காலையில் என் மைத்துனன் திருச்சியிலிருந்து கற்கண்டோடு வந்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவிக்கு நேற்று இரட்டைக் குழந்தைகள்!

"சாயங்கால ரயிலுக்குக் கிளம்புங்க மச்சான், பிள்ளைகளைப் பார்க்கலாம்" என்றான்.

எனக்குக் கால் பரபரத்தது. ஆனாலும், "நாளைக்குப் போவோம் மாப்ள. இன்னைக்கு நீங்களும் இங்கனயே தங்குங்க" என்று பிடித்து வைத்தேன். திருச்சிக்கு ஒரு தலை குறைந்ததே!

ரயில் போனதும் காரணத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னைய ஒருத்தனப் பிடிச்சு வச்சுட்டீங்க, சரி. அங்க அக்கா, பிள்ளைங்க ரெண்டு. மூணு பேரும் திருச்சிக் கணக்குதானே மச்சான்?"

அப்போதிருந்து வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நிச்சயம் திருச்சிக்காரன். இல்லை என்பவர்கள் கீழே எழுதுங்கள்.